பின் சீட்டில் பஞ்சு, பட்டன், லைக்ரா

சித்ரகலா அளவுநாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தபோதே விஜயராணிக்குப் புரிந்துவிட்டது.

"சாரி மேடம். மூணு சைஸும் ஃபெயில்."

மேடையில் மூன்று குட்டி நாய்கள் பின்னல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றன. நின்றன என்று சொல்வது மரியாதைக்கு. முதுகை வில்லாக வளைத்து, வாலைக் கால்களுக்கு நடுவே செருகி, நடுங்கிக்கொண்டிருந்தன. திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் வந்து சேர்வதற்குள் மூன்றும் வாடகை வேனில் வாந்தி எடுத்திருந்தன.

"கோட்டுல தப்பு இல்லையே மேடம்," என்றாள் விஜயராணி.

"கோட்டு சரியாவே இருக்கட்டும். நாய் இப்படிக் கூனிட்டு நின்னா முதுகு நீளம் எப்படி வரும்? இந்த நீள நாய் லைக்ராவப் பாருங்க, கோட்டு வாலுக்கு மேல மூணு சென்டிமீட்டர் ஏறி நிக்குது. அங்க பையர் கேமராவுல பார்த்துட்டு இருக்காங்க. நான் என்னன்னு எழுதறது?"

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சாயல்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள் விஜயராணி. தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. எத்தனையோ ஆயிரம் பனியன்களை இதே முகத்தோடு ஒதுக்கியிருக்கிறாள். இப்போது அவளுடைய சரக்கு ஒதுக்கப்படுகிறது.

ராயபுரத்தில் அவள் நடத்தும் யூனிட்டில் தைப்பது ஒன்றே ஒன்றுதான். குளிர் நாட்டுக் குட்டி நாய்களுக்குக் கோட்டு. முப்பத்தெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அளவு பார்ப்பதற்காகவே மூன்று நாய்களை வளர்த்தாள். வெள்ளைப் பொமரேனியன் பஞ்சு, சின்ன சைஸ். தட்டை மூக்குப் பக் பட்டன், நடு சைஸ். குட்டைக்காலும் நீள உடம்புமாக ரயில் பெட்டி போலிருக்கும் டாக்ஸண்ட் லைக்ரா, நீள சைஸ்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்காக அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் இந்தக் கோயமுத்தூர் அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது. உயிருள்ள நாய்க்கு மாட்டி அளவு பார்க்க இரண்டே வாய்ப்பு. இரண்டாவதும் தவறினால் ஆர்டர் அடுத்த ஆளுக்கு.

"அடுத்த ஃபிட் எப்ப மேடம்?"

"ரெண்டு வாரம் கழிச்சு. வெள்ளிக்கிழமை, காலைல பதினோரு மணி." சித்ரகலா கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "நஞ்சப்பன் சாரும் சாம்பிள் ரெடியா வெச்சிருக்கார். பார்த்துக்கோங்க."

இந்த ஆர்டர் வந்தால் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரு வருஷத்துக்கு வேலை. வராவிட்டால் பொங்கலுக்குள் பாதிப் பேரிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். யாரிடம் முதலில் சொல்வது என்று திரும்பும் வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒரு வரிசை ஓடிக்கொண்டே இருந்தது. கருமத்தம்பட்டி தாண்டும்போது பட்டன் மறுபடியும் வாந்தி எடுத்தது. வரிசை அதோடு நின்றது.

"வண்டிதான்," என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ராஜபாண்டி திரும்பிப் பார்த்தான். யூனிட்டின் கட்டிங் மாஸ்டர் அவன்தான். "என்ன வண்டி?"

"கோட்டு ஃபெயில் ஆகல. இந்த வண்டிதான் ஃபெயில் ஆயிருக்கு."

ராஜபாண்டி ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தான். முந்தின நாளே போய்த் தங்கலாம் என்றான். புது இடத்தில் பஞ்சு தண்ணீர்கூடக் குடிக்காது. டாக்டரிடம் மாத்திரை கேட்டார்கள். கொடுக்கலாம், ஆனால் தூங்கி விழும் என்றார். தூங்கி விழும் நாயை மேடையில் நிறுத்தி என்ன அளவு எடுப்பது?

"அப்ப நல்ல வண்டியா ஒண்ணு எடுத்துருவோம்," என்றாள் விஜயராணி. கார் வாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்த பணம் இருந்தது. போன வருஷம் லைசென்ஸும் எடுத்திருந்தாள். "நானே ஓட்டுறேன்."

செய்தி ராயபுரத்தில் இரண்டு தெரு தாண்டுவதற்குள் நஞ்சப்பன் காதுக்குப் போய்விட்டது. எதிர்ச் சந்தில் யூனிட் வைத்திருப்பவர். டீக்கடையில் ராஜபாண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மாஸ்டரே, நாய்க்குக் கார் எடுக்கறீங்களாமா?"

"ஆமாங்க."

"எடுங்க, எடுங்க. பெருசாவே எடுங்க. நாம ஆளுகளுக்கு வேன் விடறோம், நீங்க நாய்க்குக் கார் விடறீங்க. காலம் அப்படித்தானுங்க இருக்குது." டீயை உறிஞ்சினார். "ஆனா ஒண்ணுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் காரை என்ன பண்ணுவீங்க? நாய் ஓட்டுமா?"

ராஜபாண்டி இதை வீட்டில் சொல்லவில்லை. விஜயராணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் போனை எடுத்து முஸ்தபாவை அழைத்தாள்.

முஸ்தபாவுக்கு முதல் தொழில் பனியன் வேஸ்ட் வியாபாரம். வெட்டியது போக மிஞ்சும் துணியை மூட்டை மூட்டையாக எடுத்துப்போவார். இரண்டாவது தொழில் பழைய கார். மூட்டை எடுக்கப் போகிற இடத்திலேயே எந்த முதலாளி வண்டியை மாற்றப் போகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, உங்களுக்கு மலை மாதிரி ஒரு வண்டி இருக்குதுங்க. ஏழு சீட்டு. பின்னாடி நாய் என்ன, கன்னுக்குட்டியே நிக்கலாம்."

மறுநாள் காலை மலை வந்து வாசலில் நின்றது. வெள்ளை நிறம், ஆள் உயரச் சக்கரம். விஜயராணி அளவுநாடாவோடு உள்ளே ஏறினாள். நீளம், அகலம், உயரம். ஏசி காற்று பின்னால் வருகிறதா? வருகிறது. பட்டனுக்கு அது முக்கியம். மூக்கு தட்டையாக இருப்பதால் வெப்பம் ஏறினால் மூச்சு முட்டும். எல்லா அளவும் பாஸ்.

லைக்ராவைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நீள முதுகு உள்ள நாய் உயரத்திலிருந்து குதித்தால் தண்டுவடம் போய்விடும். அதைத் தூக்கி வைத்த பழனாயிக்கே மூச்சு வாங்கியது. யூனிட்டில் பிசிறு நூல் வெட்டுகிறவர் பழனாயி. ஐம்பத்தெட்டு வயது. நாய்களுக்குச் சோறு வைப்பதும் அவர்தான்.

"ஏன் சாமி, இதுக்கு ஏணி தருவாங்களா?" என்று கேட்டார்.

தாராபுரம் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். கொடுவாய் வருவதற்குள் பட்டன் ஆரம்பித்தது. அடுத்த வளைவில் பஞ்சு. லைக்ரா வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் இறங்கியது.

முஸ்தபா கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். "வண்டி மேல தப்பு இல்லீங்கக்கா. நாய்ங்களுக்கு வயிறு சரியில்ல."

"திருப்புங்க பாய். நான் பின்னாடி வாரேன்."

செக்கிங் பழகியவர்கள் துணியை வெளிப்பக்கம் மட்டும் பார்த்துப் பாஸ் பண்ண மாட்டார்கள். உள்ளே திருப்பித் தையலைப் பார்ப்பார்கள். குறை அங்கேதான் ஒளிந்திருக்கும். விஜயராணி பின் சீட்டில் ஏறி, நாய்களுக்கு நடுவே பக்கவாட்டில் படுத்து, தலையை லைக்ராவின் தலை உயரத்துக்குக் கொண்டுவந்தாள்.

"என்ன பண்ற ராணி?" என்றான் ராஜபாண்டி.

"ஓட்டச் சொல்லுங்க."

இரண்டு வளைவு, மூன்று வேகத்தடை. உட்கார்ந்திருந்தபோது தெரியாதது படுத்ததும் தெரிந்தது. வளைவு தோறும் வண்டியின் மேல்பாகம் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிறகு மெதுவாக நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. தொட்டில் போல. மனிதன் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். நாய் எதைப் பிடிக்கும்? ஒவ்வொரு சாய்வுக்கும் நான்கு காலையும் ஊன்றி ஊன்றி நின்றது. கோவில்வழி வருவதற்குள் விஜயராணிக்கே குமட்டியது. இறங்கிச் சாலையோரம் நின்று தண்ணீர் குடித்தாள்.

"பாய், உயரம் ஆகாது. ஆடாத வண்டி வேணும். தரையோட தரையா போற வண்டி."

முஸ்தபா யோசித்தார். "தரையோட போறதுன்னா அக்கா, ரேஸ் கார்தானுங்க. ஸ்போர்ட்ஸ் காரு. அதுதான் வளைவுல சாயாது."

ராஜபாண்டி சிரித்தான். விஜயராணி சிரிக்கவில்லை.

"இருக்கா?"

"நெசமாவா கேக்கறீங்க?"

"நான் என்னைக்கு உங்ககிட்ட வெளையாட்டுக்குக் கேட்டுருக்கேன்?"

அன்று மாலையே நாய்களின் அளவுத்தாளை முஸ்தபாவின் போனுக்கு அனுப்பினாள். முஸ்தபா ஒரு நாள் முழுக்கத் தேடி, மறுநாள் பிற்பகல் மஞ்சள் நிறத்தில் ஒன்றை ஓட்டிவந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. யூனிட் ஜன்னலில் வரிசையாகத் தலைகள் முளைத்தன.

விஜயராணி குனிந்து உள்ளே பார்த்தாள். இரண்டே சீட். சீட்டுக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம்.

"பாய், நாய் எங்க பாய் உக்காரும்?"

"அங்கதானுங்க." முஸ்தபா பள்ளத்தைக் காட்டினார். "நீங்க அனுப்பின அளவைப் பார்த்துட்டுத்தானுங்க கொண்டு வந்தேன். மார்பு இருபத்திமூணுன்னு போட்டிருந்தீங்களே."

சொல்லும்போதே பட்டன் வாசலுக்கு வந்தது. முஸ்தபா அதைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி பட்டனைப் பார்த்தார்.

"அது ஹாஃப் செஸ்ட் பாய்," என்றான் ராஜபாண்டி. "துணிய மேசையில விரிச்சுப்போட்டு ஒருபக்கம் அளக்குறது. உடம்பு சுத்தளவு நாப்பத்தாறு."

"அட, நான் மூட்டையை எடை போடறவனுங்க. இந்தப் பாதி அளவெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எலிக்குட்டி சைஸ்ல ஏதோ பாரின் நாய்னு நெனச்சேன்." ஜன்னலில் இருந்த தலைகளெல்லாம் சிரித்தன. முஸ்தபா நிமிர்ந்து பார்த்தார். "சிரிங்கம்மா, சிரிங்க. நாப்பது கிலோமீட்டர் இந்தச் சந்துக்குள்ள பொட்டி மாதிரி உக்காந்து வந்திருக்கறேன்."

வந்ததே வந்தது என்று விஜயராணி சாவியை வாங்கினாள். ராஜபாண்டி லைக்ராவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அதே தாராபுரம் சாலை. அதே வளைவுகள். வண்டி தரையில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. கொடுவாய் தாண்டியது. எச்சில் இல்லை. ராஜபாண்டி மெல்லக் குனிந்து பார்த்தான்.

"ராணி."

"என்னாச்சு?"

"தூங்குது."

விஜயராணி வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். லைக்ரா அவன் முழங்கையில் முகவாயை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் முஸ்தபாவுக்குப் போன் செய்தாள்.

"பாய், வண்டிச் சாதி இதுதான். வயிறு மட்டும் பெருசா வேணும்."

அதற்குப் பிறகு ஐந்து நாள் எதுவும் தேறவில்லை. ஒரு சிவப்பு வண்டி வந்தது. பின் சீட் இருந்தது, ஏசி காற்று அங்கே போகவில்லை. இன்னொன்றில் காற்று போனது, ஆனால் கூரை கண்ணாடியால் ஆனது. நம் வெயிலுக்குப் பட்டன் வெந்துவிடும். இரண்டையும் விஜயராணி பழைய செக்கர் வேகத்தில் ஒதுக்கினாள். நஞ்சப்பன் டீக்கடையில் கணக்கு வைத்திருந்தார். "இன்னிக்கு என்ன கலருங்க?" என்று தினமும் கேட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நீலம் வந்தது.

ஆழ்ந்த நீலம். இரண்டே கதவு, ஆனால் நீளமான கதவு. முன்சீட்டைச் சாய்த்தால் பின்னால் இரண்டு குழிந்த சீட்கள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முகத்தில் இடிக்கும். ராஜபாண்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வெளியே வர முடிந்தது.

"இதுல எந்த மனுஷன் உக்காருவான்?" என்று முதுகைத் தடவினான்.

"மனுஷனுக்கு யாரு கேட்டா?" என்றாள் விஜயராணி.

கதவின் அடிப்பகுதி முழங்காலுக்கும் கீழே இருந்தது. லைக்ரா மோந்து பார்த்தது. முன்காலை வைத்தது. பின்காலை இழுத்துக்கொண்டு தானாகவே உள்ளே போய், குழிந்த சீட்டில் வட்டமாகச் சுருண்டது. யாரும் தூக்கவில்லை. பழனாயி கையைத் தட்டினார்.

ஏசி காற்று பின்னால் வந்தது. கூரை இரும்பு. சாவியைத் திருப்பியதும்தான் குறை தெரிந்தது. புகைபோக்கி உறுமியது. தீபாவளி வெடிக்கே கட்டிலுக்கடியில் போய் ஒளிகிற பஞ்சு தெருமுனை வரை ஓடிவிட்டது.

"அதுக்கு ஒரு பட்டன் இருக்குதுங்க," என்று முஸ்தபா அவசரமாக உள்ளே கையை விட்டார். எதையோ அழுத்தினார். உறுமல் அடங்கி, தையல் மெஷின் ஓடுவது போல ஆனது. யூனிட்டில் பிறந்து வளர்ந்த பஞ்சுவுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. திரும்பி வந்து தானாக ஏறிக்கொண்டது.

கடைசிச் சோதனையில் ஒரு குறை மிஞ்சியது. தோல் சீட் வழுக்கியது. பிரேக் போட்டதும் பட்டன் உருண்டுபோய் முன்சீட்டில் முட்டியது.

"இது என் வேலை," என்றான் ராஜபாண்டி.

மெத்தை தைப்பதற்கு அவன் அளவுத்தாளை எடுத்தான். பார்த்தான். கீழே வைத்துவிட்டான். அதில் இருந்ததெல்லாம் நிற்கிற நாயின் அளவு. இத்தனை வருஷமாக நிற்கிற நாய்க்கே வெட்டிப் பழகியிருந்தான். மூன்றும் தூங்கும் பிற்பகல் வரை காத்திருந்து, சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மண்டியிட்டு, சுருண்டு படுத்திருக்கும் ஒவ்வொன்றையும் சுற்றித் தரையில் கோடு வரைந்தான். பஞ்சு ஒரு தட்டு. பட்டன் ஒரு பரோட்டாக்கல். லைக்ரா ஒரு பெரிய கேள்விக்குறி. அந்த மூன்று கோட்டையும் காகிதத்தில் எடுத்து, கம்பளித் துணியில் வெட்டி, விளிம்பை உருட்டிக் கட்டினான். அடியில் வழுக்காத ரப்பர்த் துணி. சீட் பெல்ட்டில் மாட்ட வார். ஒரு சீட்டில் பஞ்சுவும் பட்டனும், மறு சீட்டில் லைக்ராவும் போய்ப் படுத்தபோது அச்சில் வார்த்தது போல இருந்தது.

முஸ்தபாவிடம் பணத்தைக் கட்டி எடுத்த நீல வண்டியில் வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளம்பினார்கள். நஞ்சப்பன் வாசலில் நின்று வழியனுப்பினார்.

"நல்லபடியாப் போய்ட்டு வாங்க அம்மிணி. நானும் சாம்பிள எடுத்துட்டுப் பின்னாடியே வரேனுங்க. ஒருவேளை தேவைப்பட்டுச்சுன்னா." நீல வண்டியின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்தார். "வேகத்தடையில மட்டும் பார்த்துப் போங்க. நம்ம ஊர்த் தடை ரேஸ் காருக்குப் போட்டதில்லீங்க."

வாய்முகூர்த்தம் பலித்தது. தெக்கலூர் தாண்டியதும் மேம்பால வேலைக்காகப் பெருஞ்சாலையை அடைத்து, எல்லா வண்டிகளையும் பக்கத்து ஊர்ச் சாலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் ஊர்க்காரர்கள் தாங்களே போட்ட வேகத்தடை ஒன்று எருமை மாடு படுத்திருப்பது போல் கிடந்தது.

விஜயராணி பிரேக்கை மிதித்தாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பின் சீட்டில் மூன்றும் தூங்கிக்கொண்டிருந்தன. வண்டியின் அடிவயிறு தடையில் தட்டினால் அந்த இரும்புச் சத்தம் போதும், பஞ்சுவின் வால் உள்ளே போய்விடும். அது எழுந்து குரைத்தால் மற்ற இரண்டும் எழும். பிறகு பதினோரு மணிக்குள் எந்த வாலும் வெளியே வராது.

"எறங்குங்க," என்றாள். "டேப்பை எடுத்துக்கிட்டு."

ராஜபாண்டி இறங்கினான். சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை உருவி, நடுச்சாலையில் மண்டியிட்டு வேகத்தடையை அளந்தான். பிறகு தரையோடு கன்னத்தை வைத்து வண்டியின் அடியை அளந்தான். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், என்னய்யா பண்ற? தடைக்குச் சட்டை தைக்கறியா?"

"ரெண்டு நிமிஷம்ணே." ராஜபாண்டி எழுந்து ஜன்னலுக்கு வந்தான். "தடை பதினஞ்சு சென்டிமீட்டர். நம்ம வண்டி வயிறு பதிமூணு. நேராப் போனா தட்டும்."

"சாய்ச்சுப் போனா?"

அவன் மூலைவிட்டமாகப் பார்த்தான். துணியை நேராக வெட்டினால் ஒரு அளவு, குறுக்காக வெட்டினால் வேறு அளவு. அது அவன் தொழில். "இடது சக்கரம் மொதல்ல ஏறணும். அது எறங்குனப்பறம்தான் வலது ஏறணும். நான் கை காட்டுறேன். கை நின்னா நீயும் நில்லு."

விஜயராணி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். நீல வண்டி சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே திரும்பியது. எதிர்ப்பக்க வண்டிகளும் நின்றன. ராஜபாண்டி பின்னால் நடந்தபடியே கையை அசைத்தான். ஒரு சக்கரம் ஏறியது. நின்றது. இறங்கியது. அடுத்த சக்கரம். வண்டியின் அடிக்கும் தாருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரிந்தது. அவன் குனிந்தே நடந்தான். மூன்றாவது. பள்ளிக்கூடச் சுவரில் உட்கார்ந்திருந்த யாரோ விசிலடித்தார்கள்.

நான்காவது சக்கரமும் இறங்கியபோது எந்தச் சத்தமும் வரவில்லை. விஜயராணி கண்ணாடியில் பார்த்தாள். லைக்ரா ஒரு கண்ணைத் திறந்தது. கொட்டாவி விட்டது. மூடிக்கொண்டது.

லாரி டிரைவர் இப்போது வேறு மாதிரி ஹாரன் அடித்தார், கல்யாண ஊர்வலத்தில் அடிப்பது போல.

பத்து ஐம்பதுக்கு அலுவலக வாசலில் நிறுத்தினார்கள். கதவைத் திறந்ததும் லைக்ரா முதலில் இறங்கி உடம்பை நீட்டி முறித்தது. பட்டன் ஒரு பூந்தொட்டியைத் தேடிப் போய்க் காலைத் தூக்கியது. பஞ்சு உடம்பைச் சிலுப்பி, வாலைச் சாமரம் போல் முதுகின்மேல் விரித்துக்கொண்டு, தானே படியேறியது. வழியில் நீல வண்டியைத் தாண்டி முன்பே வந்து, வரவேற்பறையில் சாம்பிள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த நஞ்சப்பன் அந்த மூன்று வால்களையும் பார்த்தார். பையின் ஜிப்பை மெதுவாக மூடினார்.

மேடையில் சித்ரகலா பஞ்சுவுக்குக் கோட்டை மாட்டினாள். அளந்தாள். எழுதினாள். பட்டனை அளந்தாள். எழுதினாள். லைக்ராவிடம் வந்தபோது அவள் கை ஒரு நொடி தயங்கியது. போன தடவை மூன்று சென்டிமீட்டர் தவறிய இடம் அதுதான். நாடாவைக் கழுத்தில் வைத்து முதுகோடு இழுத்தாள். கோட்டின் விளிம்பு வால் தொடங்கும் இடத்தில், ஒரு நூல் கூடாமல் குறையாமல், நின்றது. லைக்ரா வாலை ஆட்டியது. விளிம்பு அசையவில்லை.

"நடக்க விடுங்க," என்றது கேமராவிலிருந்து ஒரு குரல், ஆங்கிலத்தில்.

நடந்தது. உட்கார்ந்தது. சித்ரகலாவின் செருப்பை மோந்து பார்த்தது. கோட்டு அதன் தோலைப் போலவே கூடப் போனது. திரையில் இருந்தவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பிறகு ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.

சித்ரகலா மூன்று அட்டைகளை எடுத்தாள். மூன்றிலும் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நூல் கோத்துக் கட்டினாள். இனி அந்த மூன்று கோட்டுதான் அளவுகோல். வருஷம் முழுக்கத் தைக்கப்போகும் ஒவ்வொன்றும் அதைப் பார்த்துத்தான் தைக்கப்படும்.

"அப்ரூவ்டு. மூணு சைஸும்," என்றாள். "நாய்ங்களுக்கு என்ன மேடம் கொடுத்தீங்க? போன தடவை பார்த்ததுங்கதானா இது?"

"அதேதான் மேடம். ஒண்ணும் கொடுக்கல. நல்லாத் தூங்குனதுக."

வெளியே வந்தபோது நஞ்சப்பன் எழுந்து நின்றார். கைகூப்பினார். "செயிச்சுட்டீங்க அம்மிணி." பிறகு ராஜபாண்டியிடம் குனிந்து, "அந்தப் பாய் நம்பர் இருந்தா அனுப்புங்க மாஸ்டரே. காருக்கு இல்லீங்க, சும்மாதான்."

ராஜபாண்டி யூனிட்டுக்குப் போன் போட்டு, "துணிய விரிச்சு வைங்க, வந்ததும் வெட்டணும்," என்று மட்டும் சொன்னான். போனுக்குள் எழுந்த கூச்சலில் அடுத்து அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

ராயபுரம் திரும்பியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். சந்துமுனையிலேயே முப்பத்தெட்டுப் பேரும் நின்றார்கள். ராஜபாண்டி இறங்கிக் கட்டிங் மேசைக்குப் போனான். விஜயராணி இறங்கப் போனாள். விடவில்லை.

"எங்களையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கக்கா," என்றார்கள்.

"எல்லாரும் எப்படிம்மா ஏறுவீங்க? நாலு சீட்டுதான்."

நாலு சீட்டும் இல்லை. பின்னால் இருந்த மூன்றையும் பழனாயி பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பிஸ்கட் காட்டினார். பஞ்சு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு மறுபடி படுத்தது. மெத்தையைவிட்டு ஒன்றும் இறங்குவதாக இல்லை. ஆக, ரவுண்டுக்கு ஒருவர்தான். முப்பத்தெட்டு ரவுண்டு.

"யாரு மொதல்ல?" என்று கேட்டாள் விஜயராணி.

வயதில் மூத்தவர் என்று எல்லோரும் பழனாயியைத் தள்ளிவிட்டார்கள். அவர் காலைத் தட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையோடு இருந்த அந்தச் சீட்டில் மெல்ல அமர்ந்தார். பெல்ட்டை விஜயராணி மாட்டிவிட்டாள். ஒரு வருஷத்து வேலை கையில் இருக்கிற யூனிட்டின் சந்தில் நீல வண்டி ஊர்ந்தது.

"எந்தப் பக்கம் போகட்டும்? நம்ம தெருப் பள்ளிக்கூடத்தைச் சுத்தி வருவோமா?"

பழனாயி கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"பஸ் ஸ்டாண்டு வழியாப் போ கண்ணு. அங்கதான் எங்க நாத்தனார் பூ விக்கறா. மெதுவாப் போகோணும். கண்ணாடியை எறக்கி வெச்சுடு."

விஜயராணி கண்ணாடியை இறக்கினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் திருப்பினாள்.